ஆறு பேருக்கு ஒரே அட்டவணை: ஒரு குடும்பச் சுற்றுலாவின் நிகழ்வு ஆய்வு

குழந்தைகளோடு போன சுற்றுலா சொதப்பிவிட்டால் வீடு திரும்பியதும் பெரியவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "பசங்க படுத்தி எடுத்துட்டாங்க." இங்கே நான் எடுத்துக்கொண்ட குடும்பமும் முதலில் அதைத்தான் சொன்னது. எனக்கு நெருக்கமான குடும்பம் என்பதால் உரிமையோடு ஒரு வேலை செய்தேன். அப்பாவிடம் அவர் போட்டு வைத்திருந்த பயணத் திட்டத்தை வாங்கிக்கொண்டேன், பெரியவர்கள் மூவரிடமும் மூத்த பெண்ணிடமும் தனித்தனியாக உட்கார்ந்து மணிக்கணக்காக என்ன நடந்தது என்று கேட்டேன், அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் படுத்தியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை படுத்தியபோதும் மணி என்ன, கடைசியாக எப்போது தூங்கியது, எப்போது சாப்பிட்டது என்று எழுதிப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது.

பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் உறவுமுறையை வைத்தே எழுதுகிறேன்.

யார், எங்கே, எப்படி

அப்பா, அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, 11 வயது மூத்தவள், 6 வயதுப் பையன், 20 மாதக் கடைக்குட்டி. நான்கு இரவு, ஐந்து பகல், ஒரு மலை ஊர். ஏழு பேர் உட்காரும் சொந்த வண்டி. அப்பா ஓட்டுகிறார், அம்மா முன்னால், நடுவரிசையில் குழந்தை இருக்கையில் கடைக்குட்டியும் பக்கத்தில் பாட்டியும், கடைசி வரிசையில் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும், அவர்களுக்குப் பின்னால் பெட்டிகள்.

திட்டத்தை அப்பா எக்ஸலில் போட்டிருந்தார். நல்ல உழைப்பு, குறை சொல்ல முடியாது. நேரம், இடம், தூரம், நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்த வசதி என்று பத்திகள். ஐந்து நாளுக்குப் பதினான்கு இடங்கள். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போனால் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு குறிப்பு இருந்தது. ஆட்களுக்கு மட்டும் பத்தி இல்லை. தூக்கம், சாப்பாடு, கழிப்பறை என்ற சொற்களைத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. மதியச் சாப்பாடு என்பதே 'வழியில்' என்று ஒரே சொல்லில் முடிந்துபோயிருந்தது.

முதல் நாள்: காலை 4 மணியின் விலை

5 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குப் போய்ச் சேர்வது திட்டம். முந்தின நாள் பெட்டி கட்டும் கூத்தில் பிள்ளைகள் படுத்ததே பத்தரை மணிக்கு. 4 மணிக்கு எழுப்பினார்கள். ஆக ஐந்தரை மணி நேரத் தூக்கம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும், ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். முதல் நாள் விடியும்போதே பையனும் மூத்தவளும் பாதித் தூக்கக் கடனில் இருந்தார்கள். "வண்டில தூங்கிக்குவாங்க" என்பது அப்பாவின் கணக்கு. கடைக்குட்டி தூங்கியது. மற்ற இருவரும் சுற்றுலா போகிற குஷியில் தூங்கவே இல்லை.

கிளம்பியது 6.20-க்கு. இந்த ஒரு மணி இருபது நிமிடம் எங்கே போனது என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பால் ஆற்றியது, கடைசி நேரத்தில் ஒரு டயப்பர் மாற்றியது, பாட்டி மாத்திரை டப்பாவைத் தேடியது, கேஸை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தது என்று எல்லாம் ஐந்தைந்து நிமிடம். 1979-இல் உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 'திட்டமிடல் பிழை' என்று ஒன்றை விவரித்தார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடும்போது அதே மாதிரி வேலைக்குப் போன தடவை எவ்வளவு நேரமானது என்று மனிதர்கள் பார்ப்பதில்லை, எல்லாம் ஒழுங்காக நடப்பதாகக் கற்பனை செய்து அதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பது அதன் சாரம். இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குக் கிளம்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தத் தகவல் கையில் இருந்தும் அட்டவணைக்குள் வரவில்லை.

மலைப்பாதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பையன் வாந்தி எடுத்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவிர்த்திருக்கக்கூடிய விஷயங்கள் எல்லாம் இங்கே ஒரே இடத்தில் குவிந்துகிடக்கின்றன. பயண வாந்தி அதிகம் வருவது சுமார் 2 வயது முதல் 12 வயது வரை. அதற்குக் கீழே அபூர்வம். அதனால் கடைக்குட்டி நிம்மதியாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. உடம்பு ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது, எதிரே இருப்பது அசையவில்லை என்று கண் சொல்கிறது, இந்த இரண்டு தகவலும் மோதும்போதுதான் குமட்டல் வருகிறது. பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியாது. சத்தம் போடாமல் வரட்டும் என்று கையில் டேப்லெட் கொடுத்திருந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட வைத்திருந்தார்கள். ராத்திரித் தூக்கமும் இல்லை. இத்தனையும் சேர்ந்தால் எந்தப் பிள்ளைக்கும் வரும்.

வாந்தியைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் நேரத்தைத் தின்றது. வாந்திப் பை முன்னால் அம்மாவின் கைப்பையில் இருந்தது, பையன் இருந்தது மூன்றாம் வரிசையில். மாற்றுத் துணி பெரிய பெட்டியின் அடியில், அந்தப் பெட்டி மற்ற எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில். வளைவு தாண்டி ஓர் ஓரமாக வண்டியை நிறுத்தி, பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சாலையோரம் இறக்கி வைத்து, கடைசியில் ஒரு டிரவுசரை உருவி எடுக்க முக்கால் மணி நேரம். நடுவில் தாகமாக இருக்குமே என்று பையனுக்கு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் அதுவும் வெளியே வந்தது. வாந்தி எடுத்த பிள்ளைக்கு ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது, ஒரு தேக்கரண்டி, ஓரிரண்டு நிமிடம் பொறுத்து இன்னொன்று என்று கொடுத்தால் தங்கும். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் வைத்திருந்தால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். சின்ன பாட்டிலில் குத்துமதிப்பாகப் பாதியைத் தட்டிக் கலக்குவது சரியல்ல.

போய்ச் சேர்ந்தபோது மாலை மூன்றரை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது குளித்துவிட்டுப் படுப்பது. ஆனால் தாளில் 'காட்சிமுனை, 4.30' என்று இருந்தது. போனார்கள். பனிமூட்டத்தில் எதுவும் தெரியவில்லை.

இரண்டாம் நாள்

நான்கு இடங்கள். அவற்றில் படகுச் சவாரிக்கு 1.30 என்று நேரம். கடைக்குட்டி வீட்டில் தினமும் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை தூங்கும் குழந்தை. இதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். பாட்டி காலையிலேயே "அந்த நேரத்துல குட்டி தூங்குமேப்பா" என்று சொன்னதாகவும், "அங்க போனா தண்ணியைப் பாத்ததும் தூக்கம் போயிடும்மா" என்று மகன் பதில் சொன்னதாகவும் இருவருமே எனக்குச் சொன்னார்கள்.

வரிசையில் நாற்பது நிமிடம். குழந்தை முதலில் முகத்தை அம்மாவின் தோளில் தேய்த்தது, அப்புறம் காதைப் பிடித்து இழுத்தது, அப்புறம் தூக்கி வைத்திருந்தவரின் முடியைப் பிடித்து இழுத்தது. மூன்றும் தூக்கத்துக்கான அறிகுறிகள். நான்காவதாகத் தரையில் விழுந்து கத்தல். டிக்கெட் கவுன்ட்டருக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது பையன் "பாத்ரூம்" என்றான். மூத்தவள் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், இந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி நின்றாளாம். அவளே சொன்னது.

அன்று ராத்திரி அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள். பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. சண்டையின் பொருள் படகு இல்லை. "இவ்வளவு யோசிச்சுப் போட்டேன், ஒருத்தரும் ஒத்துழைக்கல" என்பது அவர் பக்கம். "ப்ளான் நீ போட்ட, அதை நடத்துறது மட்டும் நானா?" என்பது இவர் பக்கம். இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் பல வீடுகளில் வேறு வேறு வடிவத்தில் கேட்டிருக்கிறேன். இடத்தைத் தேர்வு செய்வதும் டிக்கெட் போடுவதும்தான் திட்டம் என்று வெளியே தெரிகிறது. யாருக்கு எப்போது பசிக்கும், எந்தப் பையில் எது இருக்கிறது, அடுத்த டயப்பர் எங்கே வைத்து மாற்றுவது என்பதெல்லாம் அந்தத் தாளில் வராமல், கேட்காமலே ஒருவர் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாம் நாள் பாட்டி சொன்னது

காலையில் பாட்டி படுக்கையை விட்டு எழவில்லை. "எனக்கு முட்டி வலிக்குதுப்பா, நான் இன்னைக்கு எங்கயும் வரல. குட்டியை எங்கிட்ட விட்டுட்டு நீங்க போயிட்டு வாங்க."

அட்டவணை அங்கே உடைந்தது. அன்றைய பயணம் அதனால்தான் பிழைத்தது என்பேன். அப்பாவும் மூத்தவளும் காலை ஏழு மணிக்கே ஒரு நடைபாதைக்குப் போனார்கள், பத்தரைக்குத் திரும்பினார்கள். வந்தவள் வாய் ஓயாமல் பேசினாள் என்று அம்மா சொன்னார். அம்மாவும் பையனும் தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓடையில் கல்லைப் போட்டுக்கொண்டே இரண்டு மணி நேரத்தைக் கழித்தார்கள், கட்டணம் எதுவும் இல்லை. கடைக்குட்டி தன் நேரத்துக்குத் தூங்கியது. மூன்று மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி ஒரே ஒரு இடத்துக்குப் போனார்கள். போன இடத்தில் யாரும் அழவில்லை. பதினான்கில் கடைசி வரை பார்த்தது ஏழு இடங்கள்தான். மீதியை யாரும் தேடவில்லை, அப்பா உட்பட.

திரும்பும்போது வண்டியில் இடம் மாற்றினார்கள். முட்டி வலிக்காகப் பாட்டி முன்னால், பையன் நடுவரிசையில் சாலை தெரிகிற மாதிரி, அம்மா மூத்தவளோடு கடைசி வரிசையில். டேப்லெட் பெட்டிக்குள். குழந்தை இருக்கை மட்டும் நடுவரிசையில் இருந்த இடத்திலேயே இருந்தது, அதை யாரும் தொடவில்லை. அது சரியான முடிவு. அழுகிறது என்று குழந்தையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வது ஓடும் வண்டியில் மிக ஆபத்தான பழக்கம்; வண்டியை நிறுத்தித்தான் தூக்க வேண்டும். பையனுக்கு மறுபடி வாந்தி வரவில்லை. இடம் மாறியதாலா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தியதாலா, நன்றாகத் தூங்கியிருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, மூன்றையும் சேர்த்தே செய்தார்கள். வாந்திக்கான மாத்திரை பற்றி அம்மா கேட்டார். அதை மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், குறிப்பாக ப்ரோமெத்தசீன் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. இந்த வகை மருந்துகள் சில பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்குப் பதிலாக உலுக்கி எழுப்பிவிடுவதும் உண்டு. அதனால் முதல் வேளையைப் பயணத்தன்று கொடுத்துப் பார்ப்பது நல்லதல்ல.

என் கணிப்பு

அந்த எக்ஸல் தாளில் எழுதப்படாத ஓர் எழுவாய் இருந்தது: 'நாம்'. நாம் கிளம்புகிறோம், நாம் பார்க்கிறோம், நாம் சாப்பிடுகிறோம். 20 மாதத்திலிருந்து அறுபது தாண்டிய வயது வரை இருக்கிற ஆறு உடம்புகளை ஒரே ஆளாக எண்ணிப் போட்ட திட்டம் அது. அப்படிப் போட்டால் எந்த நேரத்திலும் ஒருவராவது தன் உடம்புக்கு எதிராக நடந்துகொண்டிருப்பார், அதில் யார் சின்னவரோ அவர் முதலில் சத்தம் போடுவார். மற்றவர்கள் சத்தம் போடாமல் போனைப் பார்ப்பார்கள், முட்டியைத் தடவிக்கொள்வார்கள்.

பாட்டியின் தீர்வை மட்டும் நான் முழுசாகப் பாராட்ட மாட்டேன். அன்று காலை எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், ஏனென்றால் ஒருவர் அறையிலேயே உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். பாட்டியும் ஊர் பார்க்க வந்தவர்தான். ஒருநாள் என்றால் சரி, அதையே ஏற்பாடாக ஆக்கிக்கொண்டால் அது சம்பளமில்லாத ஆயா வேலை.

அடுத்த பயணம்

எட்டு மாதம் கழித்து ஒரு கடற்கரை ஊருக்கு. இந்த முறை தாளில் மேலே ஆறு பெயர்கள், பக்கவாட்டில் நேரம். முதலில் நிரப்பியது இடங்களை அல்ல, அசைக்க முடியாத நேரங்களை: கடைக்குட்டியின் பகல் தூக்கம், பாட்டியின் மாத்திரை, பையனின் பசி (பதினொன்றுக்கு ஏதாவது உள்ளே போகாவிட்டால் அவன் வேறு ஆள்). அதற்குப் பிறகு மிச்சமிருந்த கட்டங்களில் ஒரு நாளைக்கு ஓர் இடம். ஒவ்வொரு கிளம்பலுக்கும் முக்கால் மணி நேரம் தனியாக. இது அம்மாவின் கண்டிப்பு, அப்பா அரை மணிக்குப் பேரம் பேசிப் பார்த்தார், படியவில்லை.

ஆளுக்கு ஒரு விருப்பமும் எழுதச் சொன்னார்கள். மூத்தவள் 'காலைல எழுப்பக் கூடாது' என்று எழுதினாள். பையன் மணல் தோண்ட 'நிஜ மண்வெட்டி' கேட்டான். பாட்டி எழுதியது: 'ஒரு நாள் சாயங்காலம் யாரும் என் கையில் எதையும் கொடுக்கக் கூடாது.' கடைக்குட்டிக்காக யாரும் எதுவும் எழுதவில்லை, தேவையும் இல்லை. மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரியவனான பிறகு பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை, அதற்காக எந்தப் புகழ்பெற்ற இடத்துக்கும் அலைய வேண்டாம். மணலும் ஒரு குவளையும் போதும், அதன் சுற்றுலா அவ்வளவுதான்.

பையனுக்காகச் சுவரில் ஒரு மாதக் காலண்டரை ஒட்டி நாளை அடித்துக்கொண்டே வந்தார்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். நெதர்லாந்தில் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் விடுமுறைப் பயணம் போகப்போகிறவர்கள் போகாதவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள், ஆனால் திரும்பி வந்தபின் பெரும்பாலானவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. மிக நிதானமாக விடுமுறையைக் கழித்தவர்களிடம் மட்டும் கொஞ்ச காலம் நின்றது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. ஆனாலும் காத்திருக்கும் நாட்களே சுற்றுலாவின் ஒரு பகுதி என்றால் அதில் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்காமல் 4 மணிக்கு எழுப்பி வண்டியில் ஏற்றுவது அநியாயம்.

இரண்டு மணி நேர விமானப் பயணம். கடைக்குட்டிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டதால் தனி இருக்கை எடுக்க வேண்டியிருந்தது, செலவுதான், ஆனால் மடியில் திமிறவில்லை. காது வலி பற்றி அம்மாவுக்குப் பயம் இருந்தது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் நடுக்காதில் அழுத்தம் சமமாகாமல் வலி வரும், விழுங்கினால் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து சரியாகும். தூங்குகிற குழந்தை விழுங்குவது குறைவு. அதனால் இறக்கம் தொடங்கும் அறிவிப்பு வந்ததும் எழுப்பி உறிஞ்சு குழாயில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். தூங்குகிற குழந்தையை எழுப்ப மனசு வரவில்லை என்றார். எழுப்பியது நல்லது.

கைப்பைக்கும் விதி வந்தது: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழு மாற்று உடை, அம்மாவுக்கும் ஒரு மேல்சட்டை (வாந்தி எப்போதும் இன்னொருவர் மேல்தான் விழும்), ஓஆர்எஸ், வெப்பமானி, காய்ச்சல் மருந்து, பிள்ளைகளின் எடை எழுதிய சீட்டு. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, நடுராத்திரியில் யாருக்கும் அது ஞாபகம் வராது. வெளியே கிளம்பும் முன் மூவரையும் நிற்க வைத்து ஒரு போட்டோ, கூட்டத்தில் ஒன்று காணாமல் போனால் அன்று என்ன நிறச் சட்டை என்று யோசிக்க வேண்டியதில்லை.

கடைசி நாளை வேண்டுமென்றே காலியாக விட்டார்கள். இதற்குப் பின்னாலும் கானெமன்தான். 1993-இல் அவரும் குழுவினரும் ஆட்களைக் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஒருமுறை 60 விநாடி, இன்னொரு முறை அதே 60 விநாடியோடு தண்ணீர் கொஞ்சமே சூடேறும் 30 விநாடி கூடுதலாக. எதைத் திரும்பச் செய்வாய் என்று கேட்டால் பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு எப்படி இருந்தது என்பது மொத்த நினைவையும் இழுக்கிறது. விமானத்தைப் பிடிக்கும் நாளில் இன்னும் ஒரு இடம் பார்த்துவிடலாம் என்று ஓடுவது அந்தக் கணக்கில் மோசமான பேரம்.

எல்லாம் நன்றாக நடந்ததா என்றால், இல்லை. இரண்டாம் நாள் பையனுக்குக் காய்ச்சல், ஒன்றரை நாள் அறையிலேயே போனது. ஆனால் காலியான கட்டங்கள் நிறைய இருந்ததால் எதையும் ரத்து செய்ய வேண்டியிருக்கவில்லை, பணமும் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் முறை வைத்து ஒருவர் அறையில் இருக்க, மற்றவர் மீதிப் பிள்ளைகளோடு கடலுக்குப் போனார்கள். பாட்டிக்கு அவர் கேட்ட சாயங்காலம் கிடைத்தது, மூன்று மணி நேரம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம்.

தீராத விஷயம் மூத்தவள்தான். தம்பிகளின் தூக்கத்துக்கும் பசிக்கும் வளைத்த திட்டத்தில் அவளுக்கு நிறைய நேரம் சும்மா போனது. காலையில் எழுப்பவில்லை, சந்தோஷம். ஆனால் எழுந்த பிறகு செய்ய எதுவும் இல்லை. அடுத்த முறை ஒரு தோழியை அழைத்து வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குச் சம்மதம், அப்பாவுக்குத் தயக்கம். இன்னொருவர் பிள்ளையைக் கூட்டிப் போவதென்றால் அவள் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், ஒவ்வாமை, மருந்து விவரம் வேண்டும், அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்கள் வேண்டும், நீச்சல் தெரியுமா என்று கேட்க வேண்டும். அப்பா அந்தப் பட்டியலைப் போட ஆரம்பித்துவிட்டார், அதனால் அநேகமாகத் தாளில் ஏழாவது பெயர் வரும் என்றுதான் நினைக்கிறேன்.